புகைக்கோடு ஏன் சாய்கிறது? வடசென்னைக் கணக்கு, இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

நான் காசிமேட்டுப் பெண். அப்பா விசைப்படகு டிரைவராக இருந்தவர். இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் விண்வெளிப் பொறியியல் பேராசிரியராக இருக்கிறேன். ஒரு விண்கலம் எந்த வழியில் போக வேண்டும், எந்த இடத்தில் எவ்வளவு நேரம் இன்ஜினை எரிக்க வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் இருபது வருடத்துக்கு மேலாக என் ஆராய்ச்சி. திருவொற்றியூர், எண்ணூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பள்ளிகளில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் பாடம் எடுக்கும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்படி ஒரு தொழில் இருக்கிறது என்பதை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்றால், ராக்கெட் கிளம்புவதை வீட்டு மொட்டைமாடியிலிருந்தே பார்க்கும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில்தான் இருக்கிறார்கள். ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். மேகம் இல்லாத நாளில் அந்த நெருப்பும் புகைக்கோடும் நம் கரையிலிருந்து நன்றாகவே தெரியும். இன்னொன்றும் இருக்கிறது. பழவேற்காட்டில் எங்கள் சித்தப்பா வீடு. ராக்கெட் ஏவும் நாளில் அங்கே கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். கழன்று விழும் பாகங்கள் கடலில் எங்கே விழலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு அந்தப் பகுதியை ஒதுக்குகிறார்கள். அந்தக் கணக்கைப் போடுவதும் எங்கள் தொழில்காரர்கள்தான். அந்த வீடுகளுக்கு அன்றைக்கு வருமானம் கிடையாது. நாட்டுக்காக ஒரு நாள் பிழைப்பை விட்டுக்கொடுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு போய்ச் சேரவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது வகுப்பில் எழுந்து கேட்டேன்: "சார், ராக்கெட் நேராத்தானே மேல போகணும், ஏன் கடல் பக்கம் சாயுது?" காற்றில் சாய்கிறது என்றார். காற்று அன்றைக்கு எதிர்ப்பக்கம் அடித்தது என்று சொன்னேன். பரீட்சைக்கு வராத கேள்வியைக் கேட்காதே, உட்கார் என்றார். பன்னிரண்டு முடித்ததும் அதே பள்ளியில் இன்னொரு ஆசிரியர் அப்பாவைக் கூப்பிட்டு, மீன்பிடிக்கிற வீட்டுப் பெண்ணுக்கு ஏரோநாட்டிக்கல் எல்லாம் எதற்கு, பி.காம். போடுங்கள் என்று அக்கறையாகத்தான் சொன்னார். அப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த மடல் இல்லை. அந்த இருவர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. அவர்களிடமும் யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் கேள்விக்கான பதில் எவ்வளவு அழகானது என்று பாருங்கள். மேலே போவது மட்டும் போதும் என்றால் ராக்கெட் நேராகவே போகலாம். ஆனால் மேலே போனது திரும்பக் கீழே விழும். விழாமல் பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் வினாடிக்குச் சுமார் ஏழரை கிலோமீட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தைச் சேர்ப்பதற்காகத்தான் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அது சாய ஆரம்பிக்கிறது. அப்புறம், துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செயற்கைக்கோளைக் கொண்டுபோகும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் தெற்கே போக வேண்டும். நேர் தெற்கே போனால் வழியில் இலங்கை இருக்கிறது. ஆட்கள் குடியிருக்கும் நிலத்துக்கு மேலே போகக் கூடாது என்பதால் முதலில் தென்கிழக்காகக் கடல் மேலே போய், உயரத்தில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. அந்த ஒரு திருப்பத்துக்கே எரிபொருள் செலவாகிறது. அந்த அளவுக்குச் சுமக்கும் எடை குறைகிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அங்கிருந்து சிறிய ராக்கெட்டுகள் சுற்றாமல் தெற்கே போகலாம். ஒரு பிள்ளை மொட்டைமாடியில் நின்று கேட்கும் கேள்விக்குள் இத்தனை இருக்கிறது.

இதைச் சொல்லிக்கொடுக்கப் புதிய பாடத்திட்டம் எதுவும் தேவையில்லை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ஈர்ப்பியல் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் நீள்வட்டமும் பரவளையமும் அதிபரவளையமும் இருக்கின்றன. அந்த மூன்றும்தான் எங்கள் பிழைப்பு. பூமியின் பிடியில் சுற்றும் கலத்தின் பாதை நீள்வட்டம் (வட்டமும் அதில் ஒரு வகைதான்). சரியாக விடுபடு வேகத்தில், அதாவது தரைமட்டத்தில் வினாடிக்கு 11.2 கிலோமீட்டரில், கிளம்பினால் பரவளையம். அதற்கும் மேலே என்றால் அதிபரவளையம். இந்த இரண்டிலும் போனது திரும்பாது. இரண்டு பாடத்தையும் வேறு வேறு ஆசிரியர் வேறு வேறு வருடத்தில் நடத்துவதால் பிள்ளைகளுக்கு இந்த முடிச்சு தெரியாமலே போகிறது. நீங்கள் இருவரும் ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் பத்து நிமிடம் பேசினால் போதும்.

மங்கள்யானை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 நவம்பர் 5 அன்று கிளம்பியது. அதை ஒரே வீச்சில் செவ்வாய்க்கு எறியும் சக்தி பி.எஸ்.எல்.வி.க்கு இல்லை. பூமியைச் சுற்றும் ஒரு நீள்வட்டத்தில் விட்டுவிட்டார்கள். கலம் பூமிக்கு மிக அருகில் வரும்போதெல்லாம் இன்ஜினை எரித்து அந்த நீள்வட்டத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். ஏன் அருகில் வரும்போது? அங்கேதான் வேகம் அதிகம். அதே நூறு வினாடி எரித்தாலும், வேகமாக ஓடும் இடத்தில் அந்த நூறு வினாடிக்குள் கடக்கும் தூரம் அதிகம். வேலை என்பது விசையும் தூரமும்தானே, நீங்கள் நடத்தும் அதே சூத்திரம். நவம்பர் 11 அன்று ஒரு தடவை வேகம் தேவையான அளவுக்குச் சேரவில்லை. மறுநாளே கூடுதலாக ஒரு முறை எரித்துச் சரிசெய்தார்கள். டிசம்பர் 1 அன்று பூமியை விட்டு, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. அந்த நாட்களில் என் மாணவர்கள் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

இந்த ஆராய்ச்சி வாழ்க்கை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது கேத்லீன் ஹவல் அவர்களைப் பற்றித்தான். அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர். 1980களின் தொடக்கத்தில், தன் ஆசிரியர் ஜான் பிரேக்வெல்லுடன் சேர்ந்து, பூமி, நிலா இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து இழுக்கும் இடத்தில் ஒரு வகைப் பாதையைக் கணக்கிட்டார். நிலாவின் ஒரு துருவத்துக்குப் பக்கத்தில் வந்து, மறுபக்கம் வெகுதூரம் நீண்டு போகும் பாதை. 1984இல் கட்டுரை வந்தது. அந்த வழியில் அப்போது யாரும் எதையும் அனுப்பவில்லை. 2022 நவம்பரில்தான் கேப்ஸ்டோன் என்ற சின்னக் கலம், சுமார் 25 கிலோதான் இருக்கும், முதன்முதலாக அந்தப் பாதையில் போய்ச் சேர்ந்தது. முப்பத்தெட்டு வருடம். இடைப்பட்ட காலம் முழுக்க அவர் பாடம் நடத்திக்கொண்டும், மாணவர்களை உருவாக்கிக்கொண்டும், அடுத்த பாதையைக் கணக்கிட்டுக்கொண்டும் இருந்தார்.

அவர் பங்கெடுத்த இன்னொரு திட்டம் ஜெனிசிஸ். 2001இல் கிளம்பி, பூமியிலிருந்து சூரியன் பக்கமாகச் சுமார் 15 லட்சம் கிலோமீட்டரில் இருக்கும் எல்-1 புள்ளிக்கு (சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து, ஒரு கலத்தைப் பூமியோடு கூடவே சூரியனைச் சுற்ற வைக்கும் இடம்) போய், சூரியனிலிருந்து வீசும் சூரியக் காற்றின் துகள்களைச் சேகரித்துக்கொண்டு 2004 செப்டம்பரில் திரும்பி வந்தது. சூரியனை ஆராயும் நம் ஆதித்யா விண்கலம் இப்போது சுற்றுவதும் அதே புள்ளியைத்தான். ஜெனிசிஸின் பெட்டகம் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துக்குச் சரியாக வந்துசேர்ந்தது. ஆனால் வேகம் குறைவதை உணரும் கருவிகளைத் தலைகீழாகப் பொருத்தியிருந்ததால் பாராசூட் விரியவில்லை. தரையில் மோதி உடைந்தது. நல்லவேளை, துகள்களில் பெரும்பகுதி ஆராய்ச்சிக்குத் தேறியது. பாதைக்காரர் தன் வேலையை முழுதாகச் சரியாகச் செய்த பிறகும் இப்படி நடக்கலாம். அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

"அங்கே போக வழி என்ன டீச்சர்?" என்று கேட்பார்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி., கிண்டி பக்கத்தில் ஐ.ஐ.டி., திருவனந்தபுரத்தில் விண்வெளிக்கென்றே 2007இல் தொடங்கிய கல்வி நிறுவனம். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் பாலிடெக்னிக் டிப்ளமோவில் தொடங்கியவர். இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இலிருந்து இருக்கிறது, கட்டணத்தை அரசே கட்டுகிறது. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது உண்டு. எத்தனையோ அம்மாக்களுக்கு இது இன்னும் தெரியாது. பெற்றோர் கூட்டத்தில் அவர்களிடம் நேரிலேயே சொன்னால் நல்லது.

அடுத்த ராக்கெட் பகல் நேரத்தில் கிளம்பினால் வகுப்பை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பதிலை உடனே சொல்ல வேண்டாம். புகைக்கோடு ஏன் சாய்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வகுப்புக்குத் திரும்புங்கள். அடுத்த சனிக்கிழமை நான் வருகிறேன். இரண்டு ஆணி, கொஞ்சம் நூல், ஒரு சாக்பீஸ் இருந்தால் நீள்வட்டத்திலிருந்து ஆரம்பித்துவிடலாம். கரும்பலகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மாடித் தரையிலேயே வரைந்துகொள்ளலாம்.

அன்புடன்,
காசிமேட்டிலிருந்து ஒரு விண்வெளிப் பொறியியல் ஆசிரியை