தடுப்பைக் கடந்து வந்த ஆயாவுக்கு

அன்புள்ள ஆயா,

வணக்கம். மதிலுக்கு அந்தப் பக்கத்திலேயே குடியிருக்கும் உங்களுக்கு நான் கடிதம் எழுதுவது வியப்பாக இருக்கும். காலையில் துணி காயப்போடும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். நான்கு ஆண்டுகளாகச் சொல்ல முயன்றுதான் பார்த்தேன். வாயைத் திறந்து, வெயிலைப் பற்றியும் மின்வெட்டைப் பற்றியும் ஏதோ பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அதுவுமல்லாமல், நான் வாய்மூடி நின்றது ஊரே பார்க்க, நடுத்தெருவில். மன்னிப்பை மட்டும் யாரும் கேட்காதபடி மதிலோரமாக உங்கள் காதில் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது என்று தோன்றியதால் பலரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். உங்கள் பெயரையும் நம் தெருவின் பெயரையும் எழுதவில்லை. அன்று தெருவில் நின்றவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். நீங்களும் அங்கேதான் தனியாக இருக்கிறீர்கள்.

உங்களுக்குத் தெரிந்த சிலவற்றை மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா, நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் 15 மாதத் தண்டனை பெற்று, 2021 ஜூலை 7 இரவு சிறைக்குப் போனார். அவருடைய ஆதரவாளர்களின் சாலை மறியலாகத் தொடங்கிய கலவரம் வார இறுதிக்குள் குவாசூலு நட்டால் மாகாணமெங்கும் கடைகளையும் கிடங்குகளையும் விழுங்கியது. நாட்டில் 350 பேருக்கும் மேல் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே, இந்தியர்கள் பெரும்பான்மையாக வாழும் நம் ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர். இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். கொன்றவர்களில் நம்மவர்கள் இருந்தார்கள். இந்த வாக்கியத்தை எழுதுவதற்கு எனக்கு இத்தனை காலம் பிடித்தது, ஆயா. நம் வீடுகளில் இன்றும் இதை எழுவாய் இல்லாமலேதான் சொல்கிறோம். 'அந்த ஜூலையில் நடந்தது' என்போம், யார் நடத்தியது என்பதை விட்டுவிடுவோம்.

அன்று எங்களுக்கு இருந்த பயம் பொய்யல்ல. உதவிக்கு அழைத்தோம், யாரும் வரவில்லை. ரொட்டி கிடைக்கவில்லை, பெட்ரோல் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நிமிடத்துக்கு ஒரு குரல்பதிவு வந்தது: நூறு பேர் வருகிறார்கள், ஆற்றைக் கடந்துவிட்டார்கள், வீடுகளுக்குத் தீ வைக்கிறார்கள் என்று. 1985 ஆகஸ்டில் பக்கத்து இனாண்டாவிலிருந்து இந்தியக் குடும்பங்கள் துரத்தப்பட்டதையும், 1904இல் காந்தி தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு அப்போது எரிந்ததையும் எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. ஆகவே தெருமுனையில் டயர்களையும் பழைய மெத்தைகளையும் குப்பைத் தொட்டிகளையும் குவித்துத் தடுப்புப் போட்டோம். முதல் இரவு அது காவலாகத்தான் இருந்தது. அது எப்போது வேட்டையாக மாறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் மாறியதை நான் கவனித்தேன், கவனித்த பிறகும் அங்கேயே நின்றேன்.

ஜூலை 13, செவ்வாய்க்கிழமை. முந்தின இரவு அருகிலுள்ள கார்னூபியாவில் தீப்பற்றிய ரசாயனக் கிடங்கின் புகை தொண்டையைக் கமறவைத்தது. ஆடி பிறக்க நான்கு நாள் இருந்தது. மாலை மங்கும் நேரத்தில், காவலாளிச் சீருடையோடு ஒருவர் தடுப்பை நோக்கித் தனியாக நடந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். டாக்சிகள் ஓடாததால் வேலையிடத்திலிருந்து, கறுப்பின மக்கள் வாழும் பக்கத்து அமாவோட்டிக்கு நடந்தே திரும்பிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. 'எங்கே திருடினாய்' என்று கேட்டு ஒருவர் பையைப் பிடுங்கிக் கொட்டினார். ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு ஸ்வெட்டர், பாதி காலியான சர்க்கரைப் பொட்டலம். அவருடைய ஒரு காலணியில் நாடா இருந்தது, மற்றதில் நாடாவுக்குப் பதில் மின்கம்பியைக் கட்டியிருந்தார். அந்தக் கம்பி எனக்கு இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்ததுதான். என் கையில் மகனுடைய ஹாக்கி மட்டை இருந்தது.

அவரை முட்டிபோடச் சொன்னார்கள். அப்போதுதான் உங்கள் வாசற்கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. இரவு உடைக்கு மேல் சால்வை போர்த்தி, நெற்றியில் நீறும் மஞ்சளுமாக, எவர்சில்வர் செம்பில் தண்ணீரோடு வந்தீர்கள். ஓடி வரவில்லை. கூச்சல் போடவில்லை. முழங்கால் வலியோடு டயர்களைச் சுற்றிக்கொண்டு வருவதற்கு உங்களுக்கு நேரம் பிடித்தது, அவ்வளவு நேரமும் தெருவே உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. செம்பை அவரிடம் நீட்டி, "வோஸா, பாபா" என்றீர்கள். வாருங்கள் ஐயா என்று அழைக்க சூலு மொழியில் இரண்டே சொற்கள். இருபத்தைந்து பேர் நின்ற இடத்தில் அவரை யாராவது 'பாபா' என்று அழைக்கலாம் என்பது அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஆயா, நீ உள்ளே போ. இது உன் வேலை இல்லை" என்றார் ஒருவர். இன்னொருவர், உங்கள் மடியில் வளர்ந்த பிள்ளைதான், "இவனை உள்ளே விட்டா நாளைக்கு உன் வீட்டுக்கு எது வந்தாலும் எங்களைக் கேட்காதே" என்றார். அது வெறும் பேச்சு அல்ல என்று நீங்களும் அறிவீர்கள். அப்போது நீங்கள் சொன்னது இது: "சனிக்கிழமை ஆடி பொறக்குது. இந்தத் தெருவிலே ரத்தத்தைக் கொட்டிப்புட்டு, எந்த மூஞ்சியோட நான் அம்மனைக் கூப்பிடுவேன்? கரகம் இந்த வழியாத்தானே வரணும்?"

பிறகு அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு நடுவே நடத்திக் கூட்டிப் போனீர்கள். என்னைக் கடக்கும்போது உங்கள் சால்வை என் மட்டையில் மாட்டிக்கொண்டது. நீங்கள் திரும்பி அதை விடுவித்துக்கொண்டீர்கள், என் முகத்தைப் பார்த்தீர்கள், ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வாசலுக்கும் நான் நின்ற இடத்துக்கும் பத்துப் பன்னிரண்டு அடிதான். அந்தப் பன்னிரண்டு அடியை உங்களோடு நடக்க என்னால் முடியவில்லை.

நான் தீ மிதிப்பவன், ஆயா. அதுதான் என்னை இன்னும் அரிக்கிறது. பதினோரு ஆண்டுகள் காப்புக் கட்டி, விரதமிருந்து, புனித வெள்ளியன்று குழியில் இறங்கியிருக்கிறேன். கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோருக்கு விடுமுறை கிடைத்தது அந்த ஈஸ்டர் நாட்களில்தான் என்பதால் மாரியம்மன் திருவிழா இந்த நாட்டில் கிறித்தவர்களின் துக்க நாளோடு சேர்ந்துகொண்டது என்று பிள்ளைகளுக்கு விளக்கியும் இருக்கிறேன். அந்தக் கனல் மேல் நடப்பதற்குத் துணிவு வேண்டும்தான். ஆனால் அங்கே பறை முழங்குகிறது, ஊரே 'அரோகரா' என்கிறது, கரையேறியதும் பெண்கள் காலில் பாலும் மஞ்சள் நீரும் ஊற்றுகிறார்கள். நடக்காமல் நின்றால்தான் அவமானம். தடுப்பருகே எல்லாம் தலைகீழ். அங்கே நடந்தால் அவமானம், நின்றால் நல்ல பிள்ளை. என் பக்தி முழுவதும் ஊரின் முழக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்த பக்தியாக இருந்திருக்கிறது; ஊர் வாயடைத்துப் போனதும் அது நின்றுவிட்டது. சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பில், பல்லவ மன்னன் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தபோதும் அஞ்சாத அப்பரின் கதையைச் சொல்பவனும் நான்தான். அரசனை எதிர்ப்பதை எளிதாகக் கற்பித்துவிடுகிறோம். அடுத்த வீட்டுக்காரரை, மைத்துனரை, கோயிலில் நம்மோடு பந்தியில் உட்காருகிறவரை எதிர்ப்பதைப் பற்றி நான் ஒரு வகுப்பிலும் பேசியதில்லை.

இதே டர்பனில் நடந்த ஒன்றை அதற்குப் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டேன். 1897 ஜனவரி 13 அன்று கப்பலிலிருந்து இறங்கி நடந்து வந்த காந்தியை வெள்ளையர் கூட்டம் ஒன்று கல்லாலும் அழுகிய முட்டையாலும் அடித்து, உதைத்து, சாகும் நிலைக்குக் கொண்டுவந்தது. அந்த வழியாக வந்த காவல் கண்காணிப்பாளர் அலெக்சாண்டரின் மனைவி தம் கைக்குடையை விரித்துக்கொண்டு காந்திக்கும் கூட்டத்துக்கும் நடுவே நின்றார். அவரை அடிக்காமல் காந்தியை அடிக்க முடியாது என்ற நிலையை உண்டாக்கினார். நம் பாடநூல்களும் மேடைகளும் அந்த நிகழ்ச்சியைக் காந்தியின் கதையாகவே சொல்கின்றன. எனக்கோ இப்போதெல்லாம் அந்த அம்மையார் மறுநாள் கடைக்குப் போனபோது அவரிடம் யார் பேசினார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. அவர் குறுக்கே நின்றது தம்மைச் சேர்ந்தவர்களுக்கு எதிரே அல்லவா!

அந்த மனிதர் இரவு முழுவதும் உங்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னீர்கள் என்றும், விடியற்காலையில் அவரோடு பாலம் வரை நடந்து போய்விட்டு வந்தீர்கள் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். மறுநாள் இரவு உங்கள் முன்னறை ஜன்னலில் கல் விழுந்தது. கண்ணாடி உடைந்த சத்தம் எங்கள் படுக்கையறை வரை கேட்டது. விளக்கைப் போடாதே என்று மனைவியிடம் சொன்னவன் நான்.

உங்கள் துணிவுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டேன் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். 1949 ஜனவரி 13 அன்று டர்பனில் இந்தியர்களுக்கு எதிரான கலவரம் மூண்டு, இரு தரப்பிலுமாக 142 பேர் இறந்தபோது நீங்கள் கேட்டோ மேனரில் ஏழு வயதுக் குழந்தை. உங்களையும் தம்பியையும் ஒரு சூலுப் பெண்மணி தம் குடிசையில் கம்பளிக்கு அடியில் இரண்டு இரவு ஒளித்துவைத்துக் காப்பாற்றினார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கடனைத்தான் தீர்த்தீர்கள் என்று நான் ஒருநாள் சொன்னபோது உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தம்மா எங்களைக் காட்டிக்கொடுத்திருந்தாலும் அன்னைக்கு நான் இதைத்தான் செஞ்சிருப்பேன், பட்ட கடனைத் திருப்பிக் குடுக்கறதுக்குச் சாமி எதுக்கு?" என்றீர்கள். எனக்கு அதற்குப் பதில் கிடைக்கவில்லை. இன்றும் இல்லை. நன்றிக்கடன் என்று சொல்லிவிட்டால், கடன்படாத எனக்குத் தப்பிக்க வழி கிடைக்கும் என்பதால்தான் அந்தக் காரணத்தை அவ்வளவு விரும்பிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது விளங்குகிறது.

அந்த ஆடியில் உங்கள் வீட்டுக் கூழ் மிஞ்சிப்போனது. ஆண்டுதோறும் வாசல் முழுக்க ஆட்கள் நிற்கும் வீட்டுக்கு அன்று ஏழெட்டுப் பேர் வந்திருந்தால் அதிகம். மக்காச்சோள மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்து, மோரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு, எப்போதும் போல இரண்டு பெரிய பானை காய்ச்சியிருந்தீர்கள். அட்டை வைத்து அடைத்த ஜன்னலுக்குக் கீழே வேப்பிலை சொருகிய கரகம் இருந்தது. நான் வந்தேன், வாசற்படியில் நின்றபடியே குடித்தேன், 'நல்லா புளிச்சிருக்கு ஆயா' என்றேன், போய்விட்டேன். மிஞ்சியதை வாளிகளில் ஊற்றி, ஒரு பையனைத் தள்ளுவண்டியோடு கூட்டிக்கொண்டு நீங்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போனதை மாடியிலிருந்து பார்த்தேன். அங்கேயும் இதே மாவைப் புளிக்கவைத்து அமஹேவு என்று குடிக்கிறவர்கள்தானே. உங்கள் கூழ் அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்காது.

2021 நவம்பரில் மனித உரிமை ஆணையம் டர்பனில் விசாரணை நடத்தியபோது கறுப்பினத் தாய்மாரும் மனைவிமாரும் வந்து, வீடு திரும்பாதவர்களைப் பற்றிச் சொன்னார்கள். நான் கைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் சமையலறையில் அன்று உட்கார்ந்திருந்தவருக்கும் மனைவி இருந்தார், அவர் அங்கே வந்து பேச வேண்டியிராததற்கு நீங்கள் ஒருவரே காரணம். நானும் போய் என் தெருவைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். போகவில்லை.

ஆயா, போன வாரம் மதிலோரமாக நின்று, இந்த ஆடிக்குப் பானையைத் தூக்க ஆள் வேண்டும், முழங்கால் இனிமேல் தாங்காது என்றீர்கள். நான் வருகிறேன். மாவு கரைக்கும் முந்தின நாளே வந்துவிடுகிறேன், என் மகனும் வருவான். அந்த ஹாக்கி மட்டை அன்று எதற்காக வெளியே போனது என்பதை அவனிடம் நேற்று இரவு சொல்லிவிட்டேன். அவன் வெகுநேரம் பேசவில்லை.

உங்கள் ஜன்னலை உடைத்த கல் யார் கையிலிருந்து வந்தது என்பதும் எனக்கு அன்றே தெரியும். என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். அவர் எனக்கு உறவு. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், நான் பார்த்ததை அவரிடமே சொல்லி, உங்கள் வாசலுக்கு வரும்படி கேட்கப் போகிறேன். அவர் வருவார் என்று நான் உறுதி சொல்ல முடியாது. கண்ணாடிக்கு அளவெடுக்க நான் சனிக்கிழமை காலை வருகிறேன். கதவைத் திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
மதிலுக்கு இந்தப் பக்கத்து வீட்டுக்காரன்
ஃபீனிக்ஸ், டர்பன்