லிட்ஸ்ட்ரோமை எங்கே விட்டீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார விளையாட்டுப் பக்கத்தில் ஐஸ் ஹொக்கி டிபென்ஸ்காரர்களை (எதிராளியைத் தடுக்கும் பின்வரிசைக்காரர்களை) வேகத்தையும் புள்ளிகளையும் வைத்து வரிசைப்படுத்தியிருந்தீர்கள். பொபி ஓர் முதலிடம், சரி. 1969-70 பருவத்தில் டிபென்ஸ் ஆடிக்கொண்டே, போட்ட கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 120 புள்ளி எடுத்து என்.எச்.எல் லீக்கிலேயே முதலாவதாக வந்த மனிதரோடு யார் வாதாடுவது? இந்தக் காலத்து ஆட்டக்காரர் கேல் மகாரும் இருக்கட்டும். ஆனால், பருவத்தின் சிறந்த டிபென்ஸ்காரருக்குக் கொடுக்கும் நொரிஸ் விருதை 7 தடவை வாங்கிய டெட்ரோயிட்டின் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோமின் பெயரையே காணவில்லையே!

ஸ்காபரோவுக்கு வருமுன் நான் வின்ட்ஸரில் தொழிற்சாலை வேலை பார்த்தவன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெட்ரோயிட். கூட வேலை செய்தவர்களுக்கெல்லாம் டெட்ரோயிட் அணியான ரெட் விங்ஸ் மேல் பைத்தியம், எனக்கும் தொற்றிவிட்டது. (எங்கள் டொரொன்டோ அணி லீஃப்ஸின் இரசிகர்கள் மன்னிக்கவும்.) ஆரம்பத்தில், அந்த 5ஆம் இலக்கக்காரர் லிட்ஸ்ட்ரோம் சும்மா நிற்பதுபோலத்தான் எனக்கும் பட்டது. "பக் (ஆடுகிற ரப்பர் வட்டு) எங்கே போகிறதென்று பாராதே, அந்த ஆளையே பார்" என்றார் எங்கள் ஷிப்டில் இருந்த ஒரு கிழவர்.

பார்த்தேன். எதிராளி பக்கோடு பாய்ந்து வருவான். இவர் முகம் அவனைப் பார்த்திருக்க, பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே போவார். இருவருக்கும் நடுவே ஒரு மட்டை நீளம், கொஞ்சம் கூட. அவன் வேகம் கூட்டினால் இவரும் கூட்டுவார், குறைத்தால் குறைப்பார். அந்த இடைவெளி மாறாது. கோல் பக்கம் வெட்டுகிற வழியை மறித்து, அவனை மைதானத்தைச் சுற்றியுள்ள பலகையோரம் ஒதுக்கிக்கொண்டே வருவார். ஓரத்தில் இடம் முடிந்ததும் மட்டை நுனியால் ஒரு தட்டு, அவ்வளவுதான். அவன் திரும்புவதற்குள் பக் ரெட் விங்ஸ் முன்வரிசைக்காரர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். லிட்ஸ்ட்ரோம் மூச்சிரைக்க ஓடி நான் பார்த்ததாக ஞாபகமில்லை, பக்தான் ஓடும்.

1,564 ஆட்டங்களில், விதி மீறியதற்காக வெளியே உட்கார அவருக்கு விழுந்த தண்டனை மொத்தமே 514 நிமிடம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஆட்டத்துக்கு 20 விநாடிகூட வரவில்லை. கடைசி நொரிஸை 2011இல் வாங்கும்போது வயது 41. வெறும் கால் வேகத்தை நம்பியவர் அந்த வயதில் வாங்குகிற விருதா அது?

எனக்கு ஏன் இவ்வளவு ரோசம் என்றால், என் மகளும் டிபென்ஸ்தான். வயது 14. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பயிற்சியாளர் "ஸ்லோ" என்று சொல்லிப் பிள்ளையை பெஞ்சிலேயே இருத்தி வைத்தார். இவள் ஆடுகிற பெண்பிள்ளைகள் ஹொக்கியில் உடம்பால் இடித்து விழுத்த அனுமதியில்லை. நிற்கிற இடமும் மட்டையும்தான் எல்லாம். அதனால் பழைய டெட்ரோயிட் ஆட்டங்களை நானும் மகளும் உட்கார்ந்து பார்த்தோம். அடுத்த பட்டியல் போடுமுன் உங்கள் எழுத்தாளரும் ஒரு ஆட்டமாவது பார்க்கட்டும்.

போன சனிக்கிழமை விடிய 7 மணி ஆட்டம். எதிரணியின் கெட்டிக்காரி ஒருத்தி நேரே இவளிடம் வந்தாள். இவள் அவசரப்படவில்லை, பின்னால் சறுக்கிச் சறுக்கி ஓரத்துக்குக் கொண்டுபோனாள். வேறு வழியில்லாமல் அவள் பக்கைச் சும்மா மூலைக்கு அடித்துவிட்டாள். பார்த்திருந்த பெற்றோர் ஒருவரும் கைதட்டவில்லை. எங்கள் கோலி மட்டும் மட்டையால் ஐஸில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

இப்படிக்கு,
டெட்ரோயிட் இரசிகன் ஒருவன், ஸ்காபரோ