ரோட்டர்டாமிலிருந்து அக்காவுக்கு

ரோட்டர்டாம்,
மார்கழி, ஞாயிறு மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சொல்லச் சொல்லப் பெரியவள் எழுதியிருக்கிறாள் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. நடுவில் "அம்மா அடுப்பைப் பார்க்கப் போயிருக்கு மாமா, இருங்க" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாள். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆவணிக்குப் பிறகு என்னிடமிருந்து ஒரு தாள்கூட வரவில்லை என்று கோபித்திருக்கிறாய், நியாயம்தான். நம் வீட்டில் போன் ஒரு கையில் நிற்பதில்லையே. அம்மா, மச்சான், பிள்ளைகள், வாசலில் நிற்கிற சின்னாத்தா என்று சுற்றி உன் கைக்கு வருவதற்குள் என் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடுகிறது. இன்றைக்கு லீவு. அதனால் நிறைய எழுதுகிறேன், அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

இப்போது இங்கே காலை எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் எழும்புகிறது. சாயங்காலம் நாலரைக்குள் இருட்டிவிடும். குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், காற்றுதான் பொல்லாதது. துறைமுகப் பக்கத்திலிருந்து எதிர்க்காற்று அடிக்கும்போது சைக்கிளை எவ்வளவு மிதித்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கும். அம்மா அனுப்பிய கம்பளி பனியனை உள்ளே போட்டுக்கொள்கிறேன். மேலே கம்பெனி கொடுத்த கோட்டு இருக்கிறது. அறையை மாற்றிவிட்டேன். இது கொஞ்சம் சின்ன அறை, அதனால் சீக்கிரம் சூடாகிவிடும். ஒரு ஆளுக்கு இது தாராளம்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. புதனும் சனியும் ஊரின் தெற்குப் பக்கம் ஆஃப்ரிகாண்டர் சந்தை கூடும். கத்திரிக்காய், கொத்தமல்லி, பச்சை மிளகாய் எல்லாம் வரும். பக்கத்தில் சுரினாம்காரர் கடை ஒன்று இருக்கிறது. 1873-லிருந்து வட இந்தியாவில் கப்பல் ஏற்றி, டச்சுக்காரர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குச் சுரினாமுக்குக் கொண்டுபோன ஆட்களின் வாரிசு அவர். பருப்பு வைத்த ரொட்டியும் உருளைக்கிழங்குக் குழம்பும் விற்கிறார். நம் ஊர்க் குழம்பு இல்லைதான், ஆனாலும் ஜீரக வாசனை வருகிறது. நீளப் பயறு வந்தால் எனக்கென்று ஒரு கட்டு எடுத்து வைப்பார். இங்கத்து ஆட்கள் காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன் மேல் சாக்லேட் துணுக்குகளைத் தூவித் தின்கிறார்கள். பெரியவர்களும்தான். சின்னவளிடம் சொல், உடனே விமானம் ஏறிவிடுவாள்.

மச்சான் ஒரு கேள்வி கேட்டிருந்தாரே, "நம்ம அரிட்டாபட்டிப் பக்கம் எடுத்த படத்துக்கு உன் ஊர்லதானே பரிசு கொடுத்தாங்க, பாத்தியா?" என்று. பார்த்தேன் என்று சொல்லுங்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் அதிகம் எழுதப் போகிறேன். யாரிடமாவது தமிழில் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது.

'கூழாங்கல்' 2021-ல் இந்த ஊர்த் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய படம். பரிசு 40,000 யூரோ. தமிழ்ப் படம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் முறை. எடுத்தவர் வினோத்ராஜ். நம் பக்கத்து ஆள்தான், சின்ன வயசில் மதுரைப் பூ மார்க்கெட்டில் வேலை பார்த்தவர். 2023-ல் ஓடிடியில் வந்தபோது பழைய அறையில் பசங்களோடு சேர்ந்து பார்த்தேன். குடிகார அப்பன் கணபதி பள்ளிக்கூடத்திலிருந்து மகன் வேலுவை இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டியைத் தேடி மாமனார் ஊருக்குப் போகிறான். அவள் அங்கே இல்லை, அதற்குள் தன் வீட்டுக்கே திரும்பிவிட்டாள். பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிட, உச்சி வெயிலில் இரண்டு பேரும் நடந்தே திரும்புகிறார்கள். கதை என்று சொன்னால் அவ்வளவுதான், ஒன்றேகால் மணி நேரம். பாட்டு இல்லை, வீட்டில் அவன் அவளை என்ன செய்வானோ என்று நாம் பதறுகிற இடத்தில் ஒன்றும் நடக்காது. பசங்கள் ஒவ்வொருத்தராகத் தூங்கப் போய்விட்டார்கள். நான் முழுக்கப் பார்த்தேன், ஆனால் படத்தைப் பார்க்கவில்லை. "இந்தப் பாறை பெருமாள் மலைக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?" என்று இடத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அப்பன் திட்டுகிற திட்டு அப்படியே நம் டீக்கடையில் கேட்கிற திட்டு. அதில் பாதி சந்தோஷம், மீதி நேரம் எப்போது முடியும் என்று இருந்தது.

இரண்டாம் தடவை பார்க்க வைத்தவர் கீழ்வீட்டுப் பெரியவர். அவரைப் பற்றிப் போனில் சொல்லியிருக்கிறேன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜன்னலுக்கு வெளியே ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருக்கிறார். தினமும் காலையில் எவ்வளவு மழை பெய்திருக்கிறது என்று அதில் பார்த்து நோட்டில் எழுதுவார். அலமாரி முழுக்க அந்த நோட்டுகள்தான். யாரும் நினைத்த நேரத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது, முதலிலேயே நாளும் மணியும் சொல்லி வைக்க வேண்டும். போனால் காபியும் ஒரு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு டப்பாவை மூடி உள்ளே வைத்துவிடுவார். ஆனால் எனக்கு இருமல் வந்த வாரம் சூப்பு வைத்துக் கொண்டுவந்து கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனவரும் அவர்தான்.

வருஷா வருஷம் ஜனவரி பிறந்தால் திரைப்பட விழா என்று கிளம்பிவிடுவார். 2021-ல் கொரோனாவினால் விழா இணையத்தில் நடந்தபோது 'கூழாங்கல்' படத்தை இந்த வீட்டிலிருந்தே பார்த்திருக்கிறார். நான் மதுரைப் பக்கம் என்று தெரிந்ததும் "அந்தப் படம் உன் ஊரா?" என்று கேட்டார். போன மாசம் ஒரு நாள் நேரம் குறித்துக் கூப்பிட்டு, அதைத் தன் டிவியில் போட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அடியில் ஆங்கிலத்தில் ஓடுகிறதே, என்னிடம் என்ன கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். எழுத்தில் வராததை எல்லாம் கேட்டார் அக்கா. அந்தக் குடும்பம் வயலில் புகை போட்டு எலி பிடித்துச் சுட்டுத் தின்கிறதே, அது பசியா பழக்கமா என்றார். பையன் உடைந்த கண்ணாடித் துண்டில் வெயிலை வாங்கி அப்பன் முதுகில் அடிக்கிறானே, அது விளையாட்டா கோபமா என்றார். பதில் சொல்ல வேண்டுமே என்று நானும் உற்றுப் பார்த்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் படம் கண்ணில் பட்டது.

பையன் தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு நடப்பான். நாமும் நரசிங்கம்பட்டியிலிருந்து நடந்து வரும்போது அப்படிப் போட்டிருக்கிறோமே, அதனால் முதல் தடவை அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் அந்தக் கல்லை எடுத்து வைக்கிற இடத்தில் ஏற்கெனவே நிறையக் கற்கள் கிடக்கின்றன. அதை நான் முதலில் கவனிக்கவே இல்லை. பெரியவர் கையை நீட்டிக் காட்டினார். இந்தப் பிள்ளை எத்தனை தடவை இப்படி நடந்திருக்கிறான் என்பதை ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவிட்டார் அந்த இயக்குநர். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கடைசியில் பெண்கள் ஒரு சின்ன ஊற்றுப் பள்ளத்தைச் சுற்றி உட்கார்ந்து தண்ணீர் மொள்வார்கள். கேமரா அங்கேயே நிற்கும், நகராது. முதல் தடவை ஏதோ கோளாறாகிப் படம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். இப்போது பெரியவர், "ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். வேகமாக மொண்டால் கலங்கிவிடும், ஊறுகிற வரை காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மொள்ள வேண்டும், சில நாள் காலை முழுக்க ஆகும் என்றேன். சொல்லும்போதே தெரிந்தது, அந்த இயக்குநரும் அப்படித்தான் படத்தை எடுத்திருக்கிறார். அப்பன் ஊரெல்லாம் கத்திக்கொண்டு நடக்கிறான், அந்த நேரம் முழுக்க வீட்டில் இருக்கிறவர்கள் தண்ணீருக்குக் காத்திருக்கிறார்கள். அவன் திரும்பி வந்து சோறு தின்னலாம், ஆனால் தண்ணீர் அவர்கள் கொண்டுவந்ததுதான். இது அந்த அப்பனைப் பற்றிய படம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இயக்குநரின் உடன்பிறந்த பெண்ணைப் புருஷன் வீட்டில் அனுப்பிவிட, கைப்பிள்ளையோடு 13 கிலோமீட்டர் நடந்தே தாய்வீட்டுக்கு வந்தாராம், அதிலிருந்துதான் படம் பிறந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கீழவளவுச் சின்னம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராத்திரி வந்து நின்றதை நீயும் நானும் பார்த்தோமே. அதை யாரும் படம் எடுப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

இந்த ஊரில் தண்ணீர் சங்கதி தலைகீழ். ஊரில் பாதிக்கு மேல் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. பக்கத்தில் ஓர் இடம் கடலைவிட 6.76 மீட்டர் பள்ளம். ராப்பகலாகத் தண்ணீரை வெளியே இறைக்காவிட்டால் மூழ்கிவிடும். கிண்டர்டைக் என்ற ஊரில் முன்பு அப்படி இறைத்த காற்றாலைகள் 19 நிற்கின்றன, பெரும்பாலும் 1740 வாக்கில் கட்டியவை. பெரியவர் கூட்டிப்போய்க் காட்டினார். நான் பெரியாறு அணைக் கதையைச் சொன்னேன். மேற்கே போகிற ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, 1895-லிருந்து அந்தத் தண்ணீர் கிழக்கே நம் மேலூர் வரைக்கும் வருகிறது என்றதும், பென்னிகுவிக் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டார். அவ்வளவு தண்ணீர் வந்தும் ஏன் அந்தப் பெண்கள் ஊற்றடியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார். கால்வாய்த் தண்ணீர் மேட்டுக்கு ஏறாதே என்று, நம் வானம் பார்த்த காட்டை நினைத்துக்கொண்டு சொன்னேன்.

அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வருவதாக இருந்ததையும், நம் ஆட்கள் மதுரைக்கு நடந்து போனதையும், 2025 ஜனவரியில் அது ரத்தானதையும் சொன்னேன். மச்சானும் நடந்தார் என்றேன். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மச்சானுக்குச் சேர வேண்டிய குலுக்கல் அது, சொல்லிவிடு.

அன்றைக்கு மேலே வந்து தூக்கம் வரவில்லை. நீ என்னை இடுப்பில் ஒரு பக்கமும் குடத்தை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு வருவாய். நான் குடத்துக்குள் கையை விட்டால் "கையை எடுறா" என்று அதட்டுவாய், ஆனால் இறக்கிவிட மாட்டாய். அப்போது உனக்கே பத்து வயசுதான் இருக்கும். இங்கே குழாயைத் திறந்தால் சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கொட்டுகிறது. உன் கையால் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்து எத்தனை காலம் ஆகிவிட்டது அக்கா. சாயங்காலம் நாலரைக்கு விளக்கைப் போட்டால் படுக்கும் வரை இந்த அறையில் தமிழ்ச் சத்தமே கிடையாது. சரி, அதை விடு.

நீயும் மச்சானும் அந்தப் படத்தைப் பாருங்கள். அம்மாவை உட்கார வைக்க வேண்டாம், அந்த அப்பன் பேச்சை அம்மா தாங்காது. முதல் தடவை அலுப்பாக இருந்தால் நிறுத்திவிடு. பொங்கல் வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு, பிள்ளைகள் தூங்கினதும் இன்னொரு தடவை போட்டுப் பார்.

பெரியவள் சடங்கு தை கடைசி முகூர்த்தம் என்றால் எனக்கு லீவு கிடைக்காது. கம்பெனியில் இந்த இரண்டு மாசம் வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், இது எல்லாருக்கும்தான், மாசியில் சரியாகிவிடும். தாய்மாமன் சீரில் ஒரு குறையும் வரக்கூடாது. பட்டும், வெள்ளிக் கொலுசும், ஒரு ஜோடித் தோடும் இப்போது எடுத்துவிடு, அதற்குப் பணம் இந்த வாரமே வரும். ஆரத்தைச் சித்திரையில் நான் வரும்போது என் கையால் போடுகிறேன். தங்கம் விற்கிற விலைக்கு அவசரப்பட வேண்டாம் என்று மச்சானிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. சீர்த்தட்டை என் இடத்தில் கீழவளவுச் சித்தப்பா மகன் தூக்கட்டும். பத்திரிகையில் மாமன் பேர் போடுகிற இடத்தில் அப்பா பேருக்குக் கீழே என் பேர் வர வேண்டும், அச்சுக்குக் கொடுக்குமுன் மச்சானைப் பார்க்கச் சொல். தெற்குத்தெருப் பெரியப்பா வீட்டுச் செய்முறை பழைய மொய் நோட்டில் இருக்கிறது, பீரோவின் மேல்தட்டு. அதைப் பார்க்காமல் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எழுதிவிடாதே.

மேட்டுக்காட்டை யாரோ கேட்டு வந்ததாக எழுதியிருக்கிறாய். கொடுக்க வேண்டாம். எவ்வளவுக்குக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், நான் வந்து பேசிக்கொள்கிறேன். அம்மா கண்ணில் புரை என்று சொன்னார்களே, பொங்கல் முடிந்ததும் அண்ணாநகர் அரவிந்த் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. மாட்டுத்தாவணியில் இறங்கினால் பக்கம்தான். அம்மா தனியாகப் போகிறேன் என்று சொன்னால் கேட்காதே, நீ கூடப் போ.

அன்புள்ள தம்பி