விடாப்பிடி வேறு, விடமுடியாமை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதத்தில் விடாப்பிடியாக இருப்பதும் ஓ.சி.டி. என்ற மனநோயில் ஒருவகைதான் என்று சொல்லும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். முதல் தடவை படித்தபோது, 'அட, நம் வீட்டுக் கதையாக இருக்கிறதே' என்று தோன்றியது. இரண்டாம் தடவை படித்தபோதுதான் நோயின் பெயர் மாறிப்போயிருப்பது தெரிந்தது. பெயர்தானே என்று விட்டிருப்பேன். ஆனால் இங்கே பெயர் மாறினால் அவதிப்படுகிற ஆளே மாறிவிடுகிறார்.

ஓ.சி.டி. உள்ளவர் தன் மனதோடு தானே மல்லுக்கு நிற்பவர். வேண்டாத ஒரு எண்ணம் வந்து குத்தும். அதை அடக்க எதையாவது திரும்பத் திரும்பச் செய்வார். இது அர்த்தமில்லாத வேலை என்று பெரும்பாலும் அவருக்கே தெரியும், ஆனாலும் விடமுடியாது. இது பக்திக்குள் நுழைந்தால், பிரார்த்தனையில் ஒரு சொல் பிசகிவிட்டதோ என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். கும்பிடும்போதே தெய்வத்தைப் பழிக்கும் நினைப்பு வந்துவிட்டதே என்று நடுங்குவார். பாவம், அந்த மனிதருக்குத் தூக்கம் போய்விடும்.

மதங்களுக்கு இது புதிதில்லை. இந்தத் தவிப்பைக் குறிக்க ஐரோப்பியர் எடுத்துக்கொண்ட லத்தீன் சொல்லின் மூலப்பொருள் கூரான சிறு கல். செருப்புக்குள் மாட்டிக்கொண்ட கல்லை நினைத்துப் பாருங்கள். பின்னாளில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலா, 1522-இல் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டுத் தவித்தார். உயிரை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது என்று பிற்காலத்தில் தம் வாழ்க்கையைச் சொல்லும்போது அவரே சொல்லியிருக்கிறார். இஸ்லாத்தில் இதை வஸ்வாஸ் என்பார்கள். உளூவை, அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதைச் சரியாகச் செய்தோமா என்ற சந்தேகத்தில் கழுவிக்கொண்டே இருப்பது பக்தி ஆகாது என்று அந்த மார்க்க அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக எச்சரித்து வந்திருக்கிறார்கள். ஆக, 'இது பக்தியில்லை, வேறு ஏதோ' என்று முதலில் கண்டுகொண்டவர்கள் மதத்துக்குள் இருந்தவர்களேதான். இதைக் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

கட்டுரையில் வருகிற அந்த விடாப்பிடிக்காரர் இப்படித் தவிப்பவர் இல்லை. அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். தூக்கம் போவது அவர் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான். அவருக்குப் பொருந்தக்கூடியது ஓ.சி.பி.டி. எழுத்தில் ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் அது ஆளுமை சார்ந்த கோளாறு. விதி, பட்டியல், ஒழுங்கு இவற்றில் மூழ்கி, காரியத்தின் நோக்கத்தையே தவறவிடுவது. தன் முறைப்படி செய்யாவிட்டால் யாரிடமும் எதையும் ஒப்படைக்காதது. உதவாத பழைய பொருளைக்கூடத் தூக்கிப் போட மனம் வராதது. காசை இறுக்கிப் பிடிப்பது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், இப்படி 8 அடையாளங்களைச் சொல்கிறது. 4 இருந்தாலே யோசிக்க வேண்டும். இந்தக் குணமுள்ளவருக்கு இது குறையாகவே தெரியாது. ஒழுக்கம் என்றுதான் நினைப்பார். ஒரு மனநல மருத்துவர் எங்களிடம் சொன்னார்: "ஓ.சி.டி. உள்ளவர் தானாக என்னைத் தேடி வருவார். இவர்களை வீட்டுக்காரர்கள்தான் கூட்டி வருவார்கள், அதுவும் வேறு ஏதாவது காரணம் சொல்லி."

அந்த எட்டில் ஒன்று, அறம், ஒழுக்கம், விழுமியம் ஆகியவற்றில் கொஞ்சமும் வளையாமல் இருப்பது. ஆனால் அதன் பக்கத்திலேயே ஒரு அடைப்புக்குறி: அந்தக் கண்டிப்புக்கு அவருடைய பண்பாடோ மதமோ காரணமாக இருந்தால் இதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. கட்டுரையின் வாதம் முழுவதும் அந்த அடைப்புக்குறிக்குள் விழுந்துவிடுகிறது. ஒரு சமூகமே சேர்ந்து நோன்பிருந்தால், நேரம் தவறாமல் வழிபட்டால், அதற்கு நோய்ச்சீட்டு எழுத முடியாது. சரி, அப்படியானால் மதத்தின் பெயரைச் சொன்னால் போதுமா, எல்லாவற்றுக்கும் விலக்கு உண்டா? அதுவும் இல்லை. என் அளவில் ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறேன். அதே மதத்தில், அதே விதிகளை ஏற்றுக்கொண்டு வாழ்கிறவர்கள் அந்த மனிதரைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? அவர்களே 'இவர் கொஞ்சம் ஓவர்' என்று முணுமுணுத்தால், அது மதத்தின் விதியில்லை, அவருடைய விதி.

வீட்டுக் கதை என்று சொன்னேன் இல்லையா. என் அண்ணன் ஐம்பது வயதுக்கு மேல் தீவிர பக்தர் ஆனவர். எந்த மதம் என்பது இங்கே தேவையில்லை. வழிபாட்டுப் பொருள்களை அவர் வரிசைப்படி அவர்தான் அடுக்க வேண்டும், வேறு யார் தொட்டாலும் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குவார். நேரம் ஐந்து நிமிடம் தவறினால் அன்று முழுக்க வீட்டில் பேச்சில்லை. ஒருநாள் பேத்தி, தானே வரைந்த தெய்வப் படத்தை ஆசையாகக் கொண்டுவந்து நீட்டினாள். "இது இங்கே வைக்கிற பொருள் இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். குழந்தை அழவில்லை. அப்புறம் அந்த அறைக்குள் வருவதையே விட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

மதம்தான் அண்ணனைக் கெடுத்துவிட்டது என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் அப்பா எப்படி இருந்தார் தெரியுமா? கடவுள் இல்லை என்று கடைசிவரை வாதிட்டவர். செய்தித்தாளை அவர் மடிக்கிற மாதிரிதான் மடிக்க வேண்டும். ஒரு சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர் சாப்பிடும் முன் கண்மூடிக் கும்பிட்டார் என்று, இலையை விட்டு எழுந்து வந்துவிட்டார். பகுத்தறிவுக்கு ஒரு நேமநிஷ்டை! அண்ணன் அப்பாவிடமிருந்து நாத்திகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. மீதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். குணம் முதலில் வந்துவிட்டது, கொள்கை பின்னால்தான் வந்தது. மில்டன் ரோக்கீச் என்ற உளவியலாளரும் 1960-இல் இதைத்தான் வலியுறுத்தினார்: மூடிய மனதைப் பார்க்க வேண்டுமென்றால், ஒருவர் எதை நம்புகிறார் என்பதை விட்டுவிட்டு, நம்புவதை எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

கட்டுரையாளர், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டைத் துணைக்கு அழைக்கிறார். 1907-இல் ஃப்ராய்டு மதச் சடங்கையும் மனநோயாளியின் தனிச்சடங்கையும் ஒப்பிட்டது உண்மை. ஆனால் ஒன்று ஊரோடு சேர்ந்து செய்வது, மற்றது ஒளிந்து தனியே செய்வது என்ற வித்தியாசத்தையும் அதே கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். நம் கட்டுரையாளருக்கு உண்மையில் பயன்பட்டிருக்கக்கூடியது அடுத்த வருடம், 1908-இல், அவர் எழுதியது: ஒழுங்கு, சிக்கனம், பிடிவாதம் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படுகின்றன என்ற கவனிப்பு. அதற்கு அவர் சொன்ன காரணத்தை, அதாவது கைக்குழந்தையின் மலங்கழிக்கும் பழக்கத்தை, இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வதில்லை. கவனிப்பு மட்டும் நிலைத்துவிட்டது.

மதத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அலுவலகத்தில் இதே குணத்தோடு ஒரு கோப்பை மூன்று மாதம் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தால் மேலதிகாரி சத்தம் போடுவார். வழிபாட்டுக் கூடத்தில் அதே குணத்துக்கு முன்வரிசையில் இடம் கிடைக்கிறது. அண்ணனுக்கும் கிடைத்தது. அண்ணிக்கு இருந்த ஒரே வழி, கூடத்துப் பெரியவர் ஒருவரிடம் போய்ச் சொன்னதுதான். அந்தப் பெரியவர் அண்ணனைக் கூப்பிட்டு, "வாரம் ஒருநாள் உன் மனைவி அடுக்கட்டும், நீ கும்பிட மட்டும் செய்" என்றார். நாங்கள் இருபது வருடம் சொல்லிக் கேட்காதவர் அதைக் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டுதான், ஆனாலும் கேட்டார். 'நீ நோயாளி' என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா? எங்களையே வாசலோடு நிறுத்தியிருப்பார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் இரண்டையும் பிரித்து ஒரு விளக்கம் போடுங்கள். கட்டுரையைப் படித்துவிட்டு, நிஜமாகவே ஓ.சி.டி.யால் அவதிப்படும் ஒருவர், தன்னை மதவெறியர் என்று எண்ணிச் சிகிச்சைக்குப் போக வெட்கப்பட்டுவிடக் கூடாது. அவருக்கு மருந்தும் உண்டு, பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. இரண்டும் நன்றாகவே பலன் தருகின்றன.

பின்குறிப்பு: இதழை அண்ணனிடமும் கொடுத்தேன். கட்டுரை முழுவதையும் படித்துவிட்டு, "ஆமாம், சில பேர் இப்படித்தான் இருக்கிறார்கள்" என்றார். அதில் இருந்த 7 எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்க எண், வரி எண்ணோடு ஒரு பட்டியலும் போட்டுத் தந்திருக்கிறார். உங்களுக்குக் கட்டாயம் அனுப்பச் சொன்னார். இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி