பேட்டரி விளக்கு சொல்வது என்ன? மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தேன். ஒரு வாரமாக சிக்னலில் நிற்கும்போது மட்டும் பேட்டரி விளக்கு லேசாகச் சிவந்தது. அன்றிரவு உளுந்தூர்பேட்டை தாண்டியதும் அது முழுதாக எரிந்தது. பிறகு ஹெட்லைட் மஞ்சளடித்தது, பாட்டு நின்றது, ஏ.பி.எஸ். விளக்கும் ஸ்டியரிங் விளக்கும் வந்தன, ஸ்டியரிங் கனத்தது. தொழுதூர் வருவதற்குள் வண்டி திக்கித் திக்கி நின்றுவிட்டது. காலையில் பட்டறைக்காரர் வந்து புது பேட்டரி போட்டார், திருச்சி வந்து சேர்ந்தாய், "இனி ஒன்றும் வராது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வரும் அம்மா. பேட்டரி தானாகச் சாகவில்லை. அதை நிரப்ப வேண்டிய டைனமோ (ஆல்டர்னேட்டர் என்றும் சொல்வார்கள்) நின்றுபோனதால் காலியானது. புது பேட்டரி நிறைந்திருந்தது, பகல் வெளிச்சத்தில் ஏ.சி. போடாமல் ஓட்டினாய், அதனால் வீடு வந்தாய். டைனமோவைப் பார்க்காமல் தீபாவளிக்குத் திருநெல்வேலி கிளம்பினால் கோவில்பட்டிக்கு முன்னாலேயே எங்காவது நிற்பாய். அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். பட்டறைக்குப் போகும்போது இதைக் கையில் வைத்துக்கொள்.

முதலில் அந்த விளக்கு. பேட்டரி படம் போட்டிருப்பதால் எல்லோரும் பேட்டரி கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். அது சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லும் விளக்கு. சாவியைப் போட்டதும் அது எரிய வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். ஐடிலில் மங்கலாக எரிந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அணைகிறது என்றால் டைனமோவுக்குள் உரசும் கார்பன் கட்டை தேய்ந்திருக்கும், இல்லையென்றால் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு போயிருக்கும், பெல்ட்டும் தளர்ந்திருக்கலாம். நீ ஒரு வாரம் பார்த்தது அதைத்தான். சாவி போட்டும் விளக்கு எரியவே இல்லை என்றாலும் சும்மா விடக் கூடாது. பல வண்டிகளில் அந்த வயர் வழியாகத்தான் டைனமோ விழித்துக்கொள்கிறது.

ஓடும்போது விளக்கு முழுதாக எரிந்தால் முதலில் டெம்பரேச்சர் முள்ளைப் பார். பல எஞ்சின்களில் டைனமோவையும் வாட்டர் பம்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் தண்ணீர் ஓடாது, சில நிமிஷத்தில் எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விடும். முள் ஏறினால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடு. கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டவே கூடாது. முள் நடுவிலேயே நின்றால் பெல்ட் பெரும்பாலும் இருக்கிறது, ஓட்டலாம். அப்போது எஞ்சினை மட்டும் அணைக்காதே. அணைத்தால் மறுபடி செல்ஃப் அடிக்க 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும், அந்தச் சக்தி பேட்டரியில் இருக்காது. பானட்டைத் திறந்து பார்ப்பதானால் துப்பட்டாவை இறுக்கக் கட்டிக்கொள். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்றும், எஞ்சின் அணைந்திருந்தாலும் சுற்றும்.

எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டாய். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உன் வண்டியில் 35 ஆம்பியர் மணி பேட்டரி (இழுக்கும் ஆம்பியரையும் மணி நேரத்தையும் பெருக்கினால் வரும் கொள்ளளவு அது). எஞ்சின் ஓட மட்டும், பெட்ரோல் பம்ப், தீப்பொறி தரும் காயில், இன்ஜெக்டர், எஞ்சினின் கம்ப்யூட்டரான இ.சி.யு. எல்லாம் சேர்த்துச் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். ஹெட்லைட்டும் பின்விளக்கும் இன்னொரு 10, 12. ஏ.சி. போட்டால் புளோயர், கம்ப்ரஸர் கிளட்ச், ஃபேன் என்று 20க்கு மேல். அன்றிரவு நீ 40 ஆம்பியருக்கு மேல் எடுத்துக்கொண்டு வந்தாய், அரை மணியில் நின்றது. ஏ.சி., பாட்டு, பின்கண்ணாடி சூடேற்றி, மொபைல் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்திருந்தால் இரவில் முக்கால் மணி கிடைத்திருக்கும், பகலில் ஒரு மணிக்கு மேல். கணக்கு அதைவிடக் கூடக் காட்டும், நம்பாதே. பேட்டரி பாதி இறங்கியதுமே வோல்டேஜ் சரிந்து இ.சி.யு. தடுமாற ஆரம்பிக்கும். ஹெட்லைட்டை அணைத்து மிச்சம் பிடிப்பது மட்டும் எந்நாளும் வேண்டாம். ஸ்டியரிங் கனத்தால் இரண்டு கையாலும் அழுத்தித் திருப்பு, திரும்பும். கனத்த பிறகு இருப்பது சில நிமிஷம்தான். டோல் பிளாசாவோ பெட்ரோல் பங்க்கோ வெளிச்சமான ஓட்டலோ கண்ணில் பட்டதும் நிறுத்திவிடு.

நடுரோட்டில் நின்றால், உருளும் வேகத்திலேயே ஓரத்துக்குக் கொண்டுவா, ஹஸார்ட் விளக்கைப் போடு, எச்சரிக்கை முக்கோணத்தை 50 அடி தள்ளி வைத்தால் போதாது, 50 மீட்டராவது பின்னால் வை. வண்டிக்குள் உட்காராதே. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று 1033க்குப் போன் செய். தேசிய நெடுஞ்சாலைக்கான உதவி எண் அது, இரவிலும் எடுப்பார்கள். பயமாக இருந்தால் 112.

இனி பட்டறை. டைனமோவைக் கழற்றும் முன் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல். இதில் நீ கூச்சப்படக் கூடாது, பக்கத்திலேயே நின்று பார். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடாமல் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே என்றால் காலி. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, அதே இடத்தில் பார்த்தால் 13.8 முதல் 14.5க்குள் வர வேண்டும். ஹெட்லைட், புளோயர், பின்கண்ணாடி சூடேற்றி மூன்றையும் போட்ட பிறகும் 13.5க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதும் 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் சார்ஜ் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய் அளவுக்கு மீறி ஏற்றுகிறது, அதுவும் பேட்டரியைக் கொதிக்க வைத்துக் கொன்றுவிடும். (எஞ்சினுக்குச் சின்ன மின்மோட்டார் துணை செய்யும் புது மாடல் மைல்டு ஹைப்ரிட் வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜை ஏற்றி இறக்கும், அங்கே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. உன் வண்டி அந்த ரகம் இல்லை.)

சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்த உடனே டைனமோ மேல் பழி போடக் கூடாது. எத்தனையோ நல்ல டைனமோக்கள் ஒரு பச்சை பூத்த டெர்மினலுக்காகக் கழற்றப்படுகின்றன. எஞ்சின் ஓடி, விளக்குகள் எரியும்போது டைனமோவின் பின்பக்கத் தடித்த வயர் போல்ட்டில் மீட்டரின் ஒரு முனை, பேட்டரி பாசிட்டிவில் மறுமுனை. 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் வயரோ மெயின் ஃபியூஸோ ஜாயிண்டோ சரியில்லை. அதேபோல் டைனமோ உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2க்கு மேல் காட்டினால் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறது. இந்த இரண்டு சோதனைக்கும் ஐந்து நிமிஷம்தான். செய்ய மாட்டேன் என்கிற பட்டறையில் வண்டியை விடாதே.

பெல்ட்டையும் பார்க்கச் சொல். நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்கலாம். அதற்கு மேல் அமுங்கினாலோ, உள்பக்கம் பளபளவென்று மெருகேறி வெடிப்பு விட்டிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். டென்ஷனர் தானாக இழுத்துப் பிடிக்கிற வண்டியில் அந்த ரோலரில் சத்தம் வருகிறதா என்று கேட்கச் சொல்.

ஒன்றை மட்டும் யார் செய்தாலும் தடு. எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, "ஓடினால் டைனமோ நல்லது" என்று பார்க்கும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்து வண்டிக்கு அது ஓடியது. இன்றைய வண்டியில் பேட்டரி விலகிய கணத்தில் டைனமோ வோல்டேஜ் பல மடங்கு துள்ளி எழும்பும். டயோடு, இ.சி.யு., ஏர்பேக் யூனிட், எது வேண்டுமானாலும் போகலாம். கார்பன் செலவு சில நூறு ரூபாய், இ.சி.யு. செலவு அப்படி இல்லை.

டைனமோவைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போது பொறி பறக்காது. திறந்த பிறகு கார்பன் நீளத்தைப் பார்க்கச் சொல். புதிதில் 10 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், 5க்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும். கார்பன் உரசும் செப்பு வளையத்தில் பள்ளம் விழுந்திருந்தால் கார்பனை மட்டும் மாற்றிப் பயனில்லை, சில மாதத்தில் திரும்பி வருவாய். வளையத்தை லேத்தில் சீவ வேண்டும், இல்லையென்றால் வளையத்தையே மாற்ற வேண்டும். உள்ளே சுற்றும் ரோட்டார் காயிலை ஓம் மீட்டரில் பார்த்தால் பெரும்பாலும் 2 முதல் 4 ஓம் காட்டும், உடம்போடு தொடர்பு காட்டக் கூடாது. டயோடு பிளேட்டில் ஒவ்வொரு டயோடும் கரண்டை ஒரு பக்கம்தான் விட வேண்டும். ஒரே ஒரு டயோடு ஷார்ட் ஆனாலும் நிற்கும் வண்டியில் இரவெல்லாம் கரண்ட் கசியலாம். காலையில் பேட்டரி காலியாகிவிட்டது என்று வருகிறவர்களில் சிலருக்கு நோய் இங்கேதான். பேரிங்கைக் கையால் சுற்றினால் கரகரக்கக் கூடாது. திறந்தது திறந்தாயிற்று, கார்பன் மாற்றும்போதே இரண்டு பேரிங்கையும் மாற்றிவிடு.

கார்பன், ஐ.சி. ரெகுலேட்டர், பேரிங் இவை மட்டும் என்றால் ரிப்பேர் செய்வதே சரி. சுற்றாமல் நிற்கும் ஸ்டேட்டர் காயில் கருகி வார்னிஷ் வாசனை அடித்தால் காயில் கட்டச் சொல்லாதே, புதிதோ நல்ல மாற்று டைனமோவோ போடு. ஆம்பியர் அளவு பழையதற்குக் குறையக் கூடாது, பாகத்தின் மேலேயே அச்சடித்திருக்கும். கழற்றிய பழைய சாமான்களைப் பையில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்.

புது பேட்டரியும் இப்போது அரைகுறையாகத்தான் இருக்கும். அதை டைனமோ நிரப்பிக்கொள்ளும் என்பார்கள். காலிப் பேட்டரியை நிரப்ப டைனமோ முழு மூச்சில் மணிக்கணக்கில் உழைத்தால் டயோடு சூடாகும், இப்போதுதான் சரிசெய்த டைனமோ மறுபடி படுக்கும். பேட்டரிக் கடையில் கொடுத்து 3.5 ஆம்பியரில் ஓர் இரவு மெதுவாக ஏற்றி வாங்கு. டெர்மினலில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் சோடா உப்பு கலந்த வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும்.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: 10 எண் ஸ்பேனர், டார்ச், சின்ன மல்டிமீட்டர், 10, 15, 20 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டிரண்டு, தடித்த ஜம்பர் கேபிள். ஃபியூஸ் எரிந்தால் அதே ஆம்பியர்தான் போட வேண்டும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. 10க்குப் பதில் 20 போட்டால் அடுத்து எரிவது வயர். ஜம்பர் கேபிளில் சிவப்பை முதலில் உன் பாசிட்டிவில், பிறகு உதவிக்கு வந்த வண்டியின் பாசிட்டிவில். கறுப்பை அந்த வண்டியின் நெகட்டிவில், கடைசி முனையை உன் பேட்டரியில் இல்லாமல் எஞ்சினின் வெறும் இரும்பில். பேட்டரி மேல் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு நிற்கும், அங்கே பொறி வரக் கூடாது. டைனமோ கெட்ட வண்டிக்கு ஜம்பர் கொடுத்தாலும் நீ அதிக தூரம் போக மாட்டாய் என்பதையும் நினைவில் வை.

சனிக்கிழமை பட்டறைக்குப் போய்விட்டு வந்து மூன்று எண் எனக்கு அனுப்பு: இரவு நின்ற பிறகு எத்தனை வோல்ட், எஞ்சின் ஓடும்போது எத்தனை, எல்லா விளக்கும் போட்டால் எத்தனை. மாப்பிள்ளையை மீட்டரைப் பிடிக்கச் சொல், நீ ஆக்சிலரேட்டர் கொடு. அந்த எண்களைப் பார்த்துவிட்டுத்தான் தீபாவளிக்குக் காரிலா ரயிலிலா என்று சொல்வேன். ரயில் டிக்கெட்டையும் இப்போதே போட்டு வைத்துவிடு, ரத்து செய்துகொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா