மீனைப் புரட்டாதே, மகனே

ஈப்போ, மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்புள்ள மகனுக்கு,

நேற்று நீ தொலைபேசியில் சொன்னது இன்று முழுவதும் என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. சீனாவின் குவாங்சோவுக்குப் போய் நான்கு மாதங்கள் ஆகியும், அலுவலகத்தார் அழைக்கும் விருந்துகளுக்கெல்லாம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டு, அறைக் கதவைச் சாத்தி, மேகி மீயும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறாய் என்றால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் தொடாதவனுக்கு அந்த மேசையில் என்ன வேலை என்று கேட்டாய். அதற்கு அப்போதே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

பழைய நகரத்தில் ஒரு சீனர் இரும்புக் கடையில் நான் 28 ஆண்டுகள் கணக்கு எழுதியவள் என்பது உனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த 1986ஆம் ஆண்டு, சீனப் புத்தாண்டுக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது, எங்கள் முதலாளியான தவுக்கே வேலையாட்கள் எல்லாரையும் கடை மாடியிலேயே உட்கார வைத்து விருந்து போட்டார். அந்த வட்ட மேசையில் தமிழச்சி நான் ஒருத்திதான். பாதிச் சாப்பாட்டில் மூக்கைத் துடைப்பதற்காக, கையிலிருந்த இரண்டு குச்சிகளையும் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்திவிட்டுக் கைக்குட்டையைத் தேடினேன். மேசையில் பேச்சு சட்டென்று நின்றது. பக்கத்தில் இருந்த தவுக்கேயின் தாயார், நாங்கள் போ போ என்று அழைத்த கிழவி, ஒரு வார்த்தையும் பேசாமல் என் குச்சிகளை எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் படுக்க வைத்தார். பிறகு நடுவில் இருந்த மீனின் கன்னத்துச் சதையைத் தம் குச்சியால் நோண்டி எடுத்து என் சோற்றின்மேல் வைத்தார். காசளவு கூட இராத துண்டு அது. செத்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில்தான் குச்சியை ஊதுவத்திபோல நட்டு வைப்பார்கள் என்று மறுநாள் கடைப் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. புத்தாண்டு விருந்தில், பெரியவர்கள் நடுவில், நான் செய்து வைத்த காரியம் அது. மீன் கன்னத்தைப் பெரியவருக்கோ விருந்தாளிக்கோதான் கொடுப்பார்கள் என்பதை அதற்கும் வெகுநாள் கழித்தே தெரிந்துகொண்டேன்.

அந்தக் கன்னத்துண்டை அன்று நான் சற்றுத் தயங்கித்தான் வாயில் வைத்தேன். போ போ தம் வாயில் வைத்த குச்சியால் எடுத்தது அல்லவா? உனக்கும் உண்மையில் தடையாக இருப்பது மாடும் பன்றியும் மட்டும் இல்லை, இந்த எச்சில் கணக்கும்தான் என்று நான் நினைக்கிறேன். நீ வாய் விட்டுச் சொல்லாவிட்டாலும் என் பிள்ளையை எனக்குத் தெரியும். நம் பந்தியில் இலை அவரவருக்குச் சொந்தம். பரிமாறுகிறவரின் கரண்டி இலையில் படக்கூடாது. அடுத்தவர் இலையில் கை நீட்டுவதை நாம் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. அவர்கள் மேசையிலோ சோற்றுக் கிண்ணம் மட்டுமே உன்னுடையது. மற்ற எல்லாம் நடுவில், எல்லாருக்கும். அங்கே ஒருவர் உன் கிண்ணத்தில் ஒரு துண்டை எடுத்து வைத்தால், உன்னைத் தம் வீட்டு ஆளாக எண்ணுகிறார் என்று பொருள். இப்போது உனக்கு ஒரு வசதியும் இருக்கிறது: 2020இல் பெருந்தொற்று வந்தபோது பொதுக் குச்சி வைத்துப் பரிமாறும் பழக்கத்தை அந்த நாட்டு அரசே வற்புறுத்தியதால், நல்ல உணவகங்களில் ஆளுக்கு இரண்டு இணை குச்சிகள் வைத்துவிடுகிறார்களாம். அப்படி வைத்திருந்தால் எது எடுக்க, எது உண்ண என்று பார்த்துப் பழகிக்கொள். வைக்காத இடத்தில் முகத்தைச் சுளிக்காதே.

இனி உன் மாடும் பன்றியும். நான் உன்னைப் பழக்கத்தை விடச் சொல்லவில்லை, நானே விட்டதில்லை, வெள்ளிக்கிழமை விரதத்தையும் அந்தக் கடையிலேயே இருந்து கடைப்பிடித்தேன். ஆனால், மேசையில் தட்டு வந்த பிறகு வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்வது வேறு, மூன்று நாள் முன்பே ஏற்பாடு செய்கிறவரிடம் சொல்லிவிடுவது வேறு. முன்னது அவருக்கு அவமானம். பின்னது அவருக்கு ஒரு வேலை, அதை அவர் மகிழ்ச்சியோடு செய்வார். எப்படிச் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். மாண்டரின் மொழியில் வெறுமனே 'ரோ' என்றாலே பன்றி இறைச்சிதான். மாட்டிறைச்சிக்கு 'நியூ ரோ' என்று அடைமொழி போட வேண்டும். ஆகவே இறைச்சி வேண்டாம் என்று பொதுவாகச் சொன்னால், ஒருவர் மாட்டை நிறுத்துவார், ஒருவர் பன்றியை நிறுத்துவார், ஒருவர் கீரையின்மேல் பன்றிக் கொத்துக்கறியைத் தூவி, இது காய்கறிதானே என்று கொண்டுவந்து வைப்பார். மாப்போ தௌஃபூ என்ற பெயரைப் பார்த்து வெறும் தௌஃபூ, அதாவது சோயாக் கட்டி மட்டும் என்று நினைத்துவிடாதே. சிச்சுவான்காரர்களின் முறைப்படி அதில் மாட்டுக் கொத்துக்கறி உண்டு. நீ இருப்பது சூப்பை மணிக்கணக்கில் கொதிக்க வைக்கும் கன்டோனியர் ஊர். தெளிந்த நீர்போலத் தெரியும் சூப்பிலும் பெரும்பாலும் பன்றி எலும்புதான் வெந்திருக்கும். இரண்டு விலங்கின் பெயரையும் தனித்தனியே சொல், சூப்பையும் சேர்த்துச் சொல்.

நீ ஏதோ விசித்திரமான ஆள் என்று அவர்கள் நினைப்பார்கள் என்ற கூச்சமும் உனக்கு வேண்டாம். எங்கள் போ போ வாழ்நாளில் மாட்டிறைச்சி தொட்டதில்லை. கருணைத் தெய்வமான குவான் யின் தாயை வணங்குகிறவர்களில் பலர் அப்படித்தான். ஏர் உழுத மாட்டைத் தின்பது நன்றிகெட்ட செயல் என்று அவர் சொல்வதைக் கேட்டால், நம் வீட்டு மாட்டுப் பொங்கலில் யாரோ பேசுவதுபோல இருக்கும். சீன நாட்காட்டி மாதத்தில் பிறை ஒன்றும் பதினைந்தும் அவருக்குச் சைவம். ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் திருவிழா வந்தால் முதல் ஒன்பது நாளும் சைவம். மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் நீயும் சின்ன வயதில் சாப்பிட்டிருக்கிறாய். கண்டிப்பான பௌத்த சைவத்தில் வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது என்பதால், நம் வெள்ளிக்கிழமைச் சாம்பாரை அவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்று போ போ என்னைக் கேலி செய்ததுண்டு.

அந்தச் சைவத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 502 முதல் 549 வரை ஆண்ட லியாங் வூ என்ற பேரரசர்தான் சீனத் துறவிகள் புலால் உண்ணக்கூடாது என்று கட்டளையிட்டார். நாம் காஞ்சிபுரத்துக்காரர் என்று உரிமை கொண்டாடுகிற போதிதருமர் போய்ச் சந்தித்ததாகவும், கோயில் கட்டியதால் உமக்குப் புண்ணியம் ஒன்றும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகவும் மரபு கூறும் பேரரசர் இவரேதான். போதிதருமர் கரை இறங்கியதாகச் சொல்லப்படும் இடத்தில் ஹுவாலின் கோயில் உன் ஊரிலேயே இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார். ஆனால் விருந்து மேசையில் உட்கார்ந்துகொண்டு, உங்களுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான் என்று தொடங்கிவிடாதே. உன் மாமா ஒருமுறை அப்படிப் பேசி என்னைத் தலைகுனிய வைத்தார்.

சோறே போடவில்லை, பசியோடு திரும்பினேன் என்று நீ சென்ற மாதம் சொன்னதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். வீட்டுச் சாப்பாட்டில் சோறு முதலிலேயே வரும். விருந்தில் கடைசியில்தான் சோறோ மீ நூடுல்ஸோ வரும். நடுவில் சோறு கேட்டால், இதுவரை வைத்த பண்டங்கள் போதவில்லை என்று விருந்து வைத்தவரைக் குத்திக்காட்டியதுபோல ஆகிவிடும். மீன் வந்தால் அதன் தலை மூத்தவரையோ முக்கிய விருந்தாளியையோ நோக்கி இருக்கும். அவர் தொடும்வரை காத்திரு. மேல்பக்கச் சதை தீர்ந்ததும் நாம் செய்வதுபோல மீனைத் திருப்பிப் போடாதே. மீனைப் புரட்டினால் படகு புரளும் என்பது கடலோரத்தாரின் நம்பிக்கை. நீ இருக்கும் குவாங்தோங் மாநிலத்திலும் அது உண்டு. நடுமுள்ளைத் தூக்கிவிட்டு அடிச்சதையை எடுப்பார்கள். புத்தாண்டு மீனில் கொஞ்சம் மிச்சம் வைப்பதும் வழக்கம், ஏனெனில் மீனுக்கும் மிகுதிக்கும் அவர்கள் மொழியில் ஒலி ஒன்றே. இங்கே நாம் மேசையைச் சுற்றி நின்று குச்சியால் உயரத் தூக்கிக் கிளறும் பச்சை மீன் கலவையான யீ சாங்கை மட்டும் அங்கே தேடாதே. அது எங்களால்தான் வந்தது என்று சிங்கப்பூர்க்காரரும் நம் சிரம்பான்காரரும் சண்டை போடும் நம் பக்கத்துப் பண்டம்.

மதுவை நீட்டினால் பயப்படாதே. மதுவுக்குப் பதில் தேநீர் என்று சொல்ல அவர்களிடமே 'யீ ச்சா தாய் ஜியூ' என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது. அதைச் சொல்லி, தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, அதன் விளிம்பு பெரியவரின் கிண்ண விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி தொட்டால் போதும். ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். விருந்தில் பணம் கொடுப்பது அழைத்தவர் பொறுப்பு. நீ பையை எடுத்துப் போராடலாம், ஆனால் வெற்றி பெற்றுவிடாதே. அடுத்த முறை நீ அழைக்க வேண்டும், கணக்கு அப்படித்தான் நேராகும். மிஞ்சியதைப் பொட்டலம் கட்டக் கேட்பதில் வெட்கம் இல்லை. நாம் தாப்பாவ் என்று சொல்வது அவர்கள் சொல்தானே? உணவை வீணாக்குவதற்கு எதிராக 2021 ஏப்ரலில் அங்கே சட்டமே வந்துவிட்டது.

பெரிய விருந்துக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை என்றால், ஞாயிறு காலையில் யாராவது ஒரு நண்பரோடு யாம் ச்சா போ, அதாவது தேநீரோடு சிறு பண்டங்கள் சாப்பிடப் போ. உனக்கு இங்கேயே பழக்கமான டிம் சம்தான், தாய்வீடு அங்கே. முதலில் ஊற்றும் சுடுதேநீரில் கிண்ணத்தையும் குச்சியையும் அலசி ஊற்றிவிடுவார்கள், அதைக் குடித்துவிடாதே. ஒருவர் உனக்குத் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலை மடக்கி மேசையில் மெல்லத் தட்டு. மாறுவேடத்தில் போன சியென்லோங் பேரரசர் தம் கையால் தேநீர் ஊற்றியபோது, மண்டியிட்டால் வேடம் கலைந்துவிடும் என்று பணியாள் விரல்களை மண்டியிட வைத்தான் என்று அதற்குக் கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, வாயில் பண்டம் இருக்கும்போது நன்றி சொல்ல அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. குடுவை காலியானால் மூடியைத் திறந்து சாய்த்து வை, ஆள் வந்து நீர் ஊற்றுவார். இறால் வைத்த ஹார் காவைக் கேட்டுச் சாப்பிடு, அதிலும் சிலர் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள். இறால் சுருட்டிய சோங் ஃபன் நன்றாக இருக்கும். முட்டைத் தார்ட்டின் மேல்மாவில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று கேள். சியூ மாய், ச்சா சியூ பாவ் இரண்டிலும் பன்றி இறைச்சி, உனக்கு ஆகா. முள்ளங்கிப் பணியாரத்திலும் பன்றித் தொத்திறைச்சித் துணுக்கு ஒளிந்திருக்கும். நான் அதைத் தெரியாமல் இரண்டு ஆண்டு ரசித்துச் சாப்பிட்டேன் என்பதை உன் அப்பாவிடம் சொல்லாதே.

போ போ இறந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. எனக்கு முதலாண்டு நேர்ந்ததற்குப் பிறகு, ஒவ்வொரு ஆண்டு விருந்திலும் அவர் எனக்கென்று ஒரு சிறு கிண்ணத்தில் முட்டையைத் தண்ணீர் விட்டு அடித்து, ஆவியில் வேகவைத்து, மேலே கொஞ்சம் சோயாவும் வெங்காயத்தாளும் போட்டுத் தனியாக வைத்திருப்பார். நான் என்ன சாப்பிடுவேன் என்று அவர் கேட்டதில்லை. நான் எதைத் தொடாமல் விட்டேன் என்பதைப் பார்த்து வைத்திருந்தார். மேசைக்கு நான் போனதால்தான் அவரால் அதைப் பார்க்க முடிந்தது.

வெள்ளிக்கிழமை இரவு மறுபடி ஒரு விருந்து இருக்கிறது என்றாயே, நாளைக் காலையிலேயே அதை ஏற்பாடு செய்கிற அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு. ரசப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கேட்டிருந்தாய். உன் சித்தப்பா மகன் அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஊறுகாய்ப் புட்டியில் ஈரக் கரண்டியைப் போட்டுவிடாதே.

அன்புடன்,
அம்மா