இடம் திருப்பினால் வலம் போகும் சைக்கிள்: ஒரு மறுப்பும் ஒரு வேண்டுகோளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினால் முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பும்படி மாற்றியமைத்த சைக்கிளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் மேல்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன்; அதைவிட முக்கியமாக, அத்தகைய சைக்கிள் ஒன்றைச் செய்வித்து அதிலிருந்து பலமுறை கீழே விழுந்தவன். அந்தத் தகுதியில், கட்டுரை தந்த விளக்கத்தை மறுக்கவும், பெட்டிச் செய்தியாகத் தந்த யோசனையைத் திரும்பப் பெறுமாறு கேட்கவும் இதை எழுதுகிறேன்.

கட்டுரையில் உள்ள செய்திகள் சரியானவை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் பகுதியைச் சேர்ந்த பொறியாளர் டெஸ்டின் சாண்ட்லினுக்கு, உடன் பணிபுரிந்த வெல்டர்கள் இந்தச் சைக்கிளைச் செய்து கொடுத்தார்கள். ஹேண்டில்பாரின் தண்டும் முன்சக்கரத்தைத் தாங்கும் கவையும் நேரடியாக இணையாமல், ஒன்றையொன்று கடிக்கும் இரண்டு பல்சக்கரங்கள் வழியாக இணைந்திருந்ததால் திருப்பம் எதிர்ப்புறமானது. தினமும் ஐந்து நிமிடம் பழகிய அவருக்கு அதை ஓட்ட எட்டு மாதமும், அவருடைய சிறு வயது மகனுக்கு இரண்டே வாரமும் பிடித்தன. பின்னர் ஆம்ஸ்டர்டாமில் வழக்கமான சைக்கிளில் ஏறியபோது, பழைய பழக்கம் மீண்டு வர அவருக்கு இருபது நிமிடம் தேவைப்பட்டது. 2015-இல் அவர் வெளியிட்ட காணொளியில் இவையெல்லாம் இருக்கின்றன. ஆனால் இவற்றுக்கெல்லாம் காரணம் ‘மூளையின் பிடிவாதம்’ என்றும், ‘இடம் என்றால் வலம் என்று மனத்தில் உறுதியாகப் பதித்துக்கொண்டால்’ விரைவில் வென்றுவிடலாம் என்றும் கட்டுரையாளர் எழுதியிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சைக்கிள் ஏன் விழாமல் ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். விளக்குமாற்றைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தி விளையாடும் சிறுவன், அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கையை நகர்த்துகிறான். சைக்கிளில் அந்த உள்ளங்கையின் வேலையைச் சக்கரங்கள் செய்கின்றன. வலப்பக்கம் சாயத் தொடங்கினால், முன்சக்கரத்தை வலப்பக்கம் திருப்பிச் சக்கரங்களை உடலின் எடைக்கு அடியில் மீண்டும் கொண்டுவந்துவிடுகிறோம். நேராகப் போவதாக நாம் நினைக்கும் சாலையிலும் இந்தச் சிறு திருத்தங்கள் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கின்றன. மழைக்குப் பின் ஈர மண்ணில் ஓட்டிச் சென்றவர் திரும்பிப் பார்த்தால், முன்சக்கரத்தின் தடம் பின்சக்கரத்தின் தடத்தைப் பின்னிப் பின்னிச் செல்வதைக் காணலாம். (சுழலும் சக்கரத்தின் சுழற்சிதான் சைக்கிளை நிமிர்த்தி வைக்கிறது என்று நானே பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தேன். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர், சுழற்சி விளைவை முழுதும் நீக்கிய ஒரு சைக்கிளும் ஆள் இல்லாமல் தானே நிமிர்ந்து ஓடும் என்பதை 2011-இல் செய்து காட்டினார்கள். என் பழைய மாணவர்கள் யாரேனும் இதைப் படித்தால் என்னை மன்னிக்க வேண்டும்.)

இனிக் கணக்கைப் பாருங்கள். ஓட்டுபவரையும் சேர்த்து எடைமையம் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், திருத்தப்படாத ஒரு சாய்வு ஏறத்தாழக் கால் நொடியில் இரண்டு மடங்காகும். அடுத்த கால் நொடியில் நான்கு மடங்கு. கண்ணுக்கு முன் ஒன்று நிகழ்ந்து அதற்குக் கை அசைவதற்கே ஐந்தில் ஒரு நொடி ஆகிறது. இரண்டில் எது சரி என்று தேர்ந்து செய்வதற்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். ஆகவே ‘நான் வலப்பக்கம் சாய்கிறேன், இந்தச் சைக்கிள் தலைகீழானது, எனவே இடப்பக்கம் திருப்ப வேண்டும்’ என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்து முடிப்பதற்குள் முழங்கை தரையில் இருக்கும். அது மட்டுமல்ல, பழகிய கை அதற்கும் முன்பே தன் வழக்கமான திருத்தத்தைச் செய்துவிடுகிறது; சக்கரமோ எதிர்ப்புறம் போகிறது; விழ இருந்தவனைத் தாங்க வேண்டிய செயலே அவனைத் தள்ளிவிடுகிறது. இதில் பிடிவாதம் என்று சொல்ல எதுவும் இல்லை. கை தன் கடமையைக் குறித்த நேரத்தில் செய்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் இதைவிடச் சுவையானது. எதைத் தலைகீழாக்க வேண்டும் என்று நாம் மனத்துக்குச் சொல்கிறோமோ, அதுவே நமக்குச் சரியாகத் தெரியாது. வேகமாகப் போகும் சைக்கிளில் வலப்பக்கம் திரும்புபவர், முதலில் ஒரு கணம் ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்புகிறார். சக்கரங்கள் இடப்பக்கம் விலக, உடல் வலப்பக்கம் சாய்கிறது. அதன் பிறகே சக்கரம் வலப்பக்கம் திரும்புகிறது. இதை நாள்தோறும் செய்பவர்களிடம் கேட்டால், ‘வலது பக்கம் போக வலது பக்கம் திருப்புவேன்’ என்பார்கள். விமானத்தை உருவாக்குவதற்கு முன் ஓஹையோவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர், இடப்பக்கம் திரும்புவதற்கு என்ன செய்கிறீர்கள் என்று பல சைக்கிள்காரர்களைக் கேட்டும், முதல் முறை கேட்டபோதே முழுமையான சரியான விடையை ஒருவரிடமும் பெறவில்லை. நமக்கு ஓட்டக் கற்றுத்தந்தவர்களை எண்ணிப் பாருங்கள். வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்ட காலத்தில், பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்த அண்ணனோ மாமாவோ ‘நேரே பார், கீழே பார்க்காதே, மிதி’ என்று கத்தினார்களே தவிர, சாயும் பக்கம் திருப்பு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லால் உள்ளே போகாத ஒன்றைச் சொல்லால் திருப்பிப் போட முடியும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

என் அனுபவமும் இதையே காட்டியது. எங்கள் தெருமுனையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், ஒரே அளவுள்ள இரண்டு பழைய பல்சக்கரங்களைக் கொண்டு எனக்கு அந்தச் சைக்கிளை அமைத்துத் தந்தார். முதலில் விழுந்தவரும் அவரே. பள்ளி மைதானத்தில் முதல் வாரம் முழுவதும் ‘இடம் வலம், வலம் இடம்’ என்று மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டு ஏறினேன்; ஒரு நாளும் இரண்டு மீட்டரைத் தாண்டவில்லை. மந்திரம் சரியாக நினைவில் நின்ற தருணங்களில் நான் செய்தது, சாய்வுக்குரிய சிறு திருத்தம் அன்று. ஹேண்டில்பாரையே பெரிதாக வெட்டித் திருப்பும் செயல். அது இன்னும் விரைவாக விழவைத்தது. இரண்டாம் வாரம் பெடல்களைக் கழற்றிவிட்டு, இருக்கையை இறக்கி, இரு கால்களாலும் தரையை உந்தி உந்திப் போகத் தொடங்கினேன். எதையும் எண்ணாமல், வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு, சிறிது சாயவிட்டுக் காலூன்றிக்கொள்வதையே திரும்பத் திரும்பச் செய்தபோது, கையில் ஏதோ ஒன்று மெல்ல இளகுவதை உணர்ந்தேன். மூன்றாம் வார முடிவில் நான்கு மீட்டர் போனேன். பின்னர் முழங்கால் மருத்துவர் குறுக்கிட்டதால் ஆய்வு அத்துடன் நின்றது. நான் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று சொல்ல வரவில்லை.

‘எட்டு மாதப் போராட்டம்’ என்ற தலைப்பும் வாசகரை மிரட்டுகிறது. தினமும் ஐந்து நிமிடம் வீதம் எட்டு மாதம் என்பது மொத்தத்தில் இருபது மணி நேரமே. பல ஆண்டுகளாக ஓட்டிப் பழகிய ஒன்றுக்கு எதிராக இருபது மணி நேரத்தில் புதிய ஒன்றைக் கையில் ஏற்றியதை நான் தோல்விக் கதையாகப் பார்க்கவில்லை. மகன் இரண்டு வாரத்தில் கற்றதைக் குழந்தை மூளையின் மேன்மை என்று மட்டும் எழுதிவிடுவதும் போதாது. குழந்தைகளின் மூளை எளிதில் மாறும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சிறுவன் அதுவரை சைக்கிள் ஓட்டியதே சில ஆண்டுகள்தான், தந்தையோ அதைப் போலப் பல மடங்கு காலம் ஓட்டியவர். இந்த இரண்டில் எது எவ்வளவு பங்காற்றியது என்பதை ஒரே ஒரு தந்தையையும் மகனையும் வைத்துப் பிரித்தறிய வழியில்லை.

அறிவும் கைப்பழக்கமும் மூளையில் வெவ்வேறு வழிகளில் சேர்கின்றன என்பதற்கு மருத்துவ உலகம் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்கரான ஹென்றி மொலைசனுக்கு வலிப்பு நோய்க்காக 1953-இல் செய்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, புதிய நிகழ்ச்சி எதுவும் நினைவில் தங்காமல் போயிற்று. மான்ட்ரியலைச் சேர்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், ஒரு நட்சத்திர வடிவத்தைக் கண்ணாடியில் மட்டுமே பார்த்து வரையும் பயிற்சியை அவருக்குத் தந்தார். கண்ணாடியில் பார்க்கும்போது கை போக வேண்டிய திசை புரண்டுவிடுவதால், இதுவும் நம் சைக்கிளின் உறவுக்காரப் பயிற்சிதான். மூன்று நாளில் மொலைசனின் தவறுகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தப் பயிற்சியை முதன்முறையாகச் செய்வதாகவே அவர் நினைத்தார். மனத்தில் எதையும் பதித்துக்கொள்ள முடியாத ஒருவரின் கை கற்றுக்கொண்டது. ‘மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரைக்கு இதைவிட வேறு மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்தப் பெட்டிச் செய்திக்கு வருகிறேன். ‘இத்தகைய சைக்கிள் கிடைக்காதவர்கள், வழக்கமான சைக்கிளிலேயே கைகளைக் குறுக்காக மாற்றிப் பிடித்து ஓட்டி இந்த அனுபவத்தைப் பெறலாம்’ என்று அதில் எழுதியிருந்தது. எங்கே ஓட்ட வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. கைகளை மாற்றிப் பிடிக்கும்போது ஒவ்வொரு கையின் தள்ளலும் எதிர்விளைவைத் தருவதால் குழப்பம் ஏறக்குறைய அதேதான்; அதோடு முழங்கைகள் ஒன்றோடொன்று சிக்கும்; இரண்டு பிரேக்குகளும் கை மாறிவிடும்; விழும்போது ஊன்றக் கைகள் விடுபடவும் மாட்டா. பள்ளிப் பிள்ளைகள் இதைப் பேருந்து போகும் சாலையில் செய்து பார்க்கமாட்டார்கள் என்று நம்மால் உறுதியளிக்க முடியுமா? அந்த யோசனையைத் திரும்பப் பெற்று, அடுத்த ஞாயிறு இணைப்பில் அதே இடத்தில் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். செய்து பார்த்தே தீருவேன் என்பவர்களுக்கு, புல் முளைத்த மைதானம், இறக்கிய இருக்கை, கழற்றிய பெடல், தலைக்கவசம், பக்கத்தில் ஒரு பெரியவர் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

இதோடு தொடர்புடைய, நம் ஊர்ச் சாலைகளில் இப்போதே இருக்கும் ஆபத்து ஒன்றைக் கட்டுரை தொடாமல் விட்டுவிட்டது. சென்னைத் திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டுகளில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய வண்டிகளில் கியர் இடது காலில், பிரேக் வலது காலில். பலவற்றில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. பக்கமும் மாறுகிறது, திசையும் மாறுகிறது. பழைய புல்லட்டை ஆசையாக வாங்கும் இளைஞர்களுக்கு இது தெரியாமல் இல்லை. கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். ஆனால் நாய் குறுக்கே ஓடும் அந்த நொடியில், பிரேக் என்று எண்ணி வலது காலை அழுத்தினால் அது கியரைக் கீழே தட்டும், அதாவது அடுத்த உயர் கியருக்குத் தள்ளப் பார்க்கும்; வண்டி நிற்காது. நான் இதற்கு நேர் மாறாக மாட்டிக்கொண்டேன். புல்லட்டில் இருபது ஆண்டுகள் ஓட்டிய பிறகு மகனின் புதிய வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது, ஓர் ஆட்டுக்குட்டியின் முன் இடது காலை ஓங்கி அழுத்தினேன். கியர் இறங்கி வண்டி குலுங்கியதே ஒழிய நிற்கவில்லை. கை பிரேக் மட்டும் இரண்டு வண்டிகளிலும் ஒரே பக்கம் இருந்ததால் குட்டியும் நானும் பிழைத்தோம். அதற்கு முந்தைய பத்து நாளும் அதே வண்டியைத் தவறில்லாமல் ஓட்டியிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அமைதியான சாலையில் சரியாக ஓட்டுவதும், திடுக்கிடும்போது சரியாக ஓட்டுவதும் ஒன்றல்ல.

ஆகவே பழைய புல்லட் விற்பவர்களும், அவற்றைப் பழுது பார்த்துத் தரும் மெக்கானிக்குகளும், சாவியைக் கொடுக்கும்போது ‘கியர் வலது பக்கம், தம்பி’ என்று சொல்லி அனுப்புவதோடு நிறுத்தாமல், வெற்று மைதானத்தில் மெதுவான வேகத்தில், யாராவது எதிர்பாராமல் கைதட்டியதும் நிறுத்துவதை நாள்தோறும் சில நிமிடமாகச் சில வாரங்கள் பழகச் சொல்ல வேண்டும். அந்த வாரங்களில் வேறு வண்டியை ஓட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது. தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் இதற்குச் சிறிது இடம் ஒதுக்க முடியுமானால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.